காவிரிக் கரையிற் கடல்நீர்த் தொட்டி

குமாரபாளையம் காவிரியின் கிழக்குக் கரையில் அமைந்த ஊர். எதிர்க்கரையில் பவானி. ஆற்றொலியினும் தறியொலியே மிகுதியாய்க் கேட்கும் நெசவூர் இஃது. இங்குநின்று கிழக்கே பூம்புகார்க் கடற்கரை வரை நேர்கோடு கிழித்தால் அதன் நீளம் ஏறத்தாழ 230 கிலோமீட்டராகும். அறுபது அகவை கடந்தும் கடலைக் கண்ணாற் காணாத முதியோர் எம் தெருவில் உளர். இத்தகைய ஊரில் இளைஞர் சிலர் கடல்மீனைத் தம் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க விழைகின்றனர். யாமும் அவருள் ஒரு சாரார். கைப்பொருள் சுருங்கிய மாணாக்கர்க்கு இவ்விழைவு தகுமா, தகுமாயின் எவ்வாறு தகும் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

இதுபற்றி மூவகைக் கருத்துக்கள் எம் செவியில் விழுந்துள. கடல்நீர்த் தொட்டி செல்வர்தம் விளையாட்டு. ஏழை மாணவன் அதன்பாற் செல்லுதல் தகாது என்பார் ஒரு சாரார். இக்காலத்தே எல்லாப் பொருளும் மலிந்துவிட்டன. கையிலுள்ள சிறு தொகையைக் கொண்டே நாளையே தொடங்கிவிடலாம் என்பார் மற்றொரு சாரார். கடலுயிரைக் கடலினின்று பிரித்துக் கண்ணாடிக்குள் அடைத்தலே கொடுமை என்பார் மூன்றாமவர். இம்மூன்றனுள் ஒன்றையும் யாம் முழுதும் ஏற்றிலேம். முழுதும் தள்ளவும் துணிந்திலேம். செலவிற் குறைக்கத்தக்கது எது, குறைக்கத்தகாதது எது என்று பகுத்தறிந்தவன் குறைந்த பொருளோடும் இதனை மேற்கொள்ளலாம். அப்பகுப்பை அறியாதவன் பெரும்பொருளோடும் மேற்கொள்ளலாகாது. இதுவே எம் கொள்கை.

முதற்கண் ஓர் ஐயத்தை அகற்றுவோம். கடலுக்குத் தொலைவில் உள்ளார் கடல்மீன் வளர்த்தல் இயற்கைக்கு மாறு என்பர் சிலர். இக்கலை பிறந்த வரலாறு அதற்கு மறுமொழி கூறும். 1846-ஆம் ஆண்டில் ஆனா தைன் என்னும் ஆங்கில மாது, தேவாலயப் பணியாளர் ஒருவரின் மனைவி, டார்க்கீக் கடற்கரையினின்று சில பவள உயிர்களை இலண்டன் மாநகர்க்குக் கொணர்ந்து வளர்த்தார். கடல்நீர் கெடாதிருக்கும் பொருட்டு அதனைத் திறந்த பலகணியருகே நாடோறும் ஒரு கலத்தினின்று மற்றொரு கலத்திற்கு ஊற்றி ஊற்றிக் காற்றேற்றுவித்தார். நம் வீடுகளிற் பாலை ஆற்றுகின்றோமே, அதனை ஒத்த செயலே அது. இன்று மின்னாற் காற்றூதும் சிறு பொறி செய்யும் தொழிலை அன்று அவ்வீட்டுப் பணிப்பெண்ணின் கை செய்தது. செலவு இல்லாமற் போகவில்லை. அது பிறர் தோளின்மேல் ஏறியது. ஈதொன்று கருதத்தக்கது.

1853-இல் இலண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவில் மக்கள் காணும் மீன்காட்சிச்சாலை முதன்முதலாகத் திறக்கப்பட்டது. அதற்குத் துணைநின்ற பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை நூலார், மறு ஆண்டில், கடலுக்குத் தொலைவில் வாழ்வோர் பொருட்டு நன்னீரில் நால்வகை உப்புக்களைக் கலந்து செயற்கைக் கடல்நீர் ஆக்கும் முறையை வெளியிட்டார். ஆகவே உள்நாட்டான் கடலை விழைதல் இன்று தோன்றிய புதுமையன்று. நம் சங்கச் செய்யுட்களில் உமணர் என்னும் வணிகர் நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொணர்ந்து நெல்லுக்கு மாற்றினர் எனக் காண்கின்றோம். கடல் அன்றும் உப்பாகவே உள்நாட்டிற்கு வந்தது. இன்றும் அவ்வாறே வருகின்றது.

எனின், எந்த உப்பு? எம் ஊரிலே இவ்வினா மிகவும் வேண்டற்பாலது. சாயப்பட்டறைகளில் உப்பு மூட்டை மூட்டையாக வந்திறங்குதலை நாடோறும் காண்பவர் யாம். அதில் ஒரு படி அள்ளி நீரிற் கரைத்தாற் கடலாகாதா என்று வினவுவாரும் உளர். ஆகாது. பட்டறை உப்பும் சமையல் உப்பும் சோடியம், குளோரின் என்னும் இரண்டன் சேர்க்கையே. கடல்நீர் ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் உள. அவற்றுட் குளோரைடு 19 கிராமும், சோடியம் 11 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும் அமையும். எஞ்சியவற்றுள் கந்தகச் சேர்மமாகிய சல்பேட்டு 2.7 கிராம், மக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் தனித்தனி 0.4 கிராம் அளவின. எம் பக்கத்தார் வெள்ளைக்கல் என்று வழங்கும் சேலத்து மாக்னசைட்டில் உள்ள மக்னீசியமும், சங்ககிரிச் சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சியமும் கடலில் இவ்வாறு அளவோடு கலந்து நிற்கின்றன. இச்சிறு பகுதிகள் இன்றேற் கடலுயிர் நெடுநாள் வாழாது. ஆதலின் மீன்தொட்டிக்கென்றே கலந்து விற்கும் கடலுப்புப் பொடியை வாங்குதல் வேண்டும். இங்கே சிக்கனம் செல்லாது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கோபுரம் கட்டப் புகுவோன் முதலில் உட்கார்ந்து செலவை எண்ணிப் பார்க்கவேண்டும் என்னும் திருமறை உவமையை நாம் அனைவரும் கேட்டிருக்கின்றோம். மீன்தொட்டி வைப்பாருள் பலர் எண்ணுவது முதல்நாட் செலவையே. ஆண்டுச் செலவை எண்ணுவார் அரியர். 60 சென்டிமீட்டர் நீளமும் 30 அகலமும் 36 உயரமும் உடைய தொட்டி ஏறத்தாழ 65 லிட்டர் கொள்ளும். மேலே விடும் இடமும் உள்ளே இடும் பொருளும் போக நிற்கும் நீர் 55 லிட்டர் எனக் கொள்வோம். லிட்டருக்கு 35 கிராம் வீதம் முதல் நிரப்பிற்கு வேண்டும் உப்பு இரண்டு கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. கேட்பார்க்கு இஃது எளிதாகவே தோன்றும். ஆயின் வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுதல் வேண்டும். வாரம் 5.5 லிட்டராக ஆண்டொன்றுக்கு 286 லிட்டர். அதற்கு உப்புப் பத்துக் கிலோகிராம். முதல்நாள் வாங்கிய உப்பினும் ஐந்து மடங்கு! முதல்நாளில் கைப்பொருள் முழுவதையும் செலவிட்டவன் மூன்றாம் மாதத்தில் நீர் மாற்ற இயலாமல் நிற்பான். அவன் வறுமைக்கு விலை கொடுப்பது மீன். எனவே, எம் முதல் விதி இது: கையில் உள்ளதிற் பாதியைத் தொட்டிக்கும், பாதியை அதன் பின்வரும் ஆண்டிற்கும் ஒதுக்குக. அப்பாதியில் தொட்டி அமையாதெனின் பொறுத்திருக்க.

நிற்க. குறைக்கத்தக்கன எவை? முதலாவது தொட்டி. பிறர் பயன்படுத்தி விட்ட பழந்தொட்டி போதும். அதனை நீர் நிரப்பி மூன்று நான்கு நாள் திண்ணையில் வைத்துக் கசிவின்மை கண்டு கொள்ளுதல் வேண்டும். தொட்டியும் நீருமாக அறுபது கிலோகிராமுக்கு மேற்பட்ட சுமை தாங்கும் உறுதியான மேடை இருந்தாற் போதும். அழகிய மரப்பெட்டி வேண்டுவதன்று. எம் வீட்டில் பழைய தறிக்கட்டையும் கடப்பைக் கல்லும் அத்தொழிலைச் செவ்வனே செய்கின்றன. இரண்டாவது விளக்கு. விலையுயர்ந்த ஒளிவிளக்குக்கள் பவளம் வளர்ப்பார்க்கே வேண்டுவன. மீன் மட்டும் வளர்ப்பானுக்கு எளிய விளக்கே சாலும். மூன்றாவது அடிமணல். அஃதின்றியும் தொட்டி நடக்கும். அடியில் அழுக்குத் தங்குவது கண்ணுக்குத் தெரிதலின் தூய்மை செய்வதும் எளிது. நான்காவது பாறை. அயல்நாட்டினின்று வரும் பாறைக்குப் பொருள் கொடுத்தல் வேண்டா. சங்ககிரிக் கல் அருகிற் கிடைப்பினும் அஃது இறுகிய படிகக்கல். நன்மை செய்யும் நுண்ணுயிர் குடியேறும் நுண்துளைகள் அதிற் குறைவு. மெருகிடாத சுட்ட மண்சட்டியும் ஓடும் அதனினும் மேல். மீன்குஞ்சு பொரிப்பகங்களிலேயே கோமாளி மீன்கள் முட்டையிடுதற்கு மண்சட்டியும் ஓடும் வைக்கின்றனர். குயவர் தெருவிற் கிடைக்கும் பொருள் கடல்மீனுக்கு இல்லமாதல் இனிய செய்தி அன்றோ!

குறைக்கத்தகாதன எவை? நீரின் உப்பளவைக் காட்டும் கருவி ஒன்று, அம்மோனியா, நைட்ரைட்டு, நைட்ரேட்டு என்னும் மூன்றையும் சோதிக்கும் மருந்துப் பெட்டி ஒன்று, தூய நீர். எம் ஊர்க் கிணற்று நீர் கடினமானது. சாயக் கழிவின் ஊறும் பல இடங்களில் உண்டு. அதனைத் தொட்டியில் ஊற்றுதல் தகாது. கேனில் விற்கும் வடிகட்டிய நீரைக் கரைபொருள் காட்டும் சிறு கருவியால் அளந்தே கொள்ளுதல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாகக் குறைக்கத்தகாதது காலம். மீனின் கழிவினின்றும் எஞ்சிய உணவினின்றும் அம்மோனியா பிறக்கும், அது நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட்டாக்கும், அதுவும் நஞ்சே. மற்றொருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரேட்டாக்கும். அதன் தீமை மிகச் சிறிது. நீர் மாற்றுதலால் நீங்கும். இவ்விரு நுண்ணுயிரும் புதுத்தொட்டியிற் பெருகுதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுகாறும் மீனின்றித் தொட்டியை ஓட்டி, ஒரு சிட்டிகை மீனுணவை மட்டும் இட்டு, நாடோறும் சோதித்து, முன்னிரண்டும் இன்மை கண்ட பின்னரே மீனை விடுதல் வேண்டும். வெற்றுத் தொட்டியை ஆறு வாரம் நோக்கியிருத்தல் இளையோர்க்கு அரிது. அண்டை அயலார் நகையாடுவர். ஆயின் மாணாக்கனிடத்திற் பொருள் குறைவு. காலமோ செல்வனுக்கும் அவனுக்கும் ஒரே அளவினது. காத்திருத்தற்குக் காசு வேண்டா. பொறுமையிற் சிக்கனம் செய்பவன் மீனின் உயிரைச் செலவிடுகின்றான்.

எம் நாட்டுக்கே உரிய இடர்கள் இரண்டு. ஒன்று கோடை. சித்திரையிலும் வைகாசியிலும் எம் ஊரில் தொட்டிநீர் முப்பது பாகைக்கு மேற் செல்லும். வெப்பம் ஏற ஏற நீரிற் கரையும் உயிர்வளி குறையும். குளிர்விக்கும் பொறிக்கு விலை மிகுதி. ஆயின் சிறு மின்விசிறி ஒன்றை நீர்ப்பரப்பின்மேல் வீசச் செய்தால், மண்பானை நீரைக் குளிர்விக்கும் அதே வழியால், இரண்டு மூன்று பாகை தணிகின்றது. கடலோரத்து ஈரக்காற்றினும் எம் சமவெளியின் வறண்ட காற்றில் இம்முறை நன்கு பயன்படும். உள்நாட்டானுக்கு இயற்கை அளித்த ஒரு சலுகை என்றே இதனைக் கொள்ளலாம். ஆயின் ஆவியாவது நீரே. உப்பு எஞ்சி நிற்கும். 55 லிட்டரில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வற்றுமாயின், ஐந்தாம் நாளில் 35 என்னும் உப்பளவு 38.5 ஆகும். ஆதலின் வற்றிய அளவிற்கு நாடோறும் உப்பில்லா நன்னீரே வார்த்தல் வேண்டும். மற்றோர் இடர் மின்தடை. தறி நிற்பதை யாவரும் அறிவர். தொட்டியிற் காற்று நிற்பதை அறிவார் இலர். மின்கலத்தால் ஓடும் சிறு காற்றுப்பொறி ஒன்றை முன்னரே வாங்கி வைத்தல் கடன்.

இனி மீனுக்கு வருவோம். ஈண்டேதான் சிக்கனத்திற்கும் அறத்திற்கும் வழக்கு நேரும். மலிவாக வரும் கடல்மீன்களுட் பல பவளத்திட்டுக்களிற் பிடிக்கப்பட்டவை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாத் தீவுகளிற் சயனைடு நஞ்சைத் தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் நெடுங்காலம் நடந்தது. அதனால் மீனொடு பவளமும் மாயும். அவ்வாறு பிடித்த மீன் வாங்கியவன் வீட்டிலும் நெடுநாள் நில்லாது. ஆதலின் மலிவென்பது பலகால் இருமுறை வாங்குதலாகவே முடிகின்றது. இதற்கு மாறாக, 1947-இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன் முதலியவற்றைத் தொட்டிகளிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையைக் கண்டு, மண்டபத்தில் அதனைப் பிறர்க்கும் பயிற்றியுள்ளனர். சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் வாணிகத்திற்குப் பேர்போனது. வாங்குவோன் அங்குச் சென்று கேட்கவேண்டிய முதல் வினா, விலை என்ன என்பதன்று. இது பொரிப்பகத்திற் பிறந்ததா, கடலிற் பிடித்ததா என்பதே. விடை தெளிவாகக் கிடைக்காவிடின் வெறுங்கையோடு திரும்புக.

பொரிப்பகத்துக் கோமாளி மீன் ஓரிணை, நத்தை சில. இத்துணையே 55 லிட்டர்க்குப் போதும். கடற்சாமந்தி என்னும் உயிர் இன்றியும் அம்மீன் தொட்டியில் நன்கு வாழும். அது நன்கு பேணப்படின் இருபது ஆண்டுக்கு மேலும் வாழ்வதுண்டு. மாணவப் பருவத்தில் வாங்கிய மீன் நாம் இல்லறத்தாராகும் காலத்தும் நம்மோடிருக்கும். ஒருநாள் விழைவால் இருபதாண்டுக் கடனை ஏற்கின்றோம் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

பவளத்தைப்பற்றி ஒரு சொல். இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்துள்ள மன்னார் வளைகுடா 1986-இல் தேசியக் கடற்பூங்கா ஆக்கப்பட்டது. சுண்ணாம்பிற்காகப் பவளக்கல்லை முற்காலத்தில் அளவின்றி வெட்டியெடுத்தமையால் அங்கு விளைந்த கேடு பெரிது. பவளமும் கடற்குதிரையும் 2001-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையிற் சேர்க்கப்பட்டன. ஆகவே உறவினர் ஒருவர் இராமேசுவரத்தினின்று அன்போடு கொணரும் பவளக்கல்லாயினும் அதனைத் தொட்டிக்கு அணியாக்குதல் தகாது. சட்டம் தடுத்தலால் மட்டுமன்று. மண்சட்டி செய்யும் தொழிலுக்குப் பவளத்தை அழித்தல் அறிவுடைமையும் அன்று.

கடலுயிரைக் கண்ணாடிக்குள் அடைத்தல் கொடுமை என்னும் மூன்றாமவரை யாம் எளிதாக ஒதுக்க மாட்டோம். காஸ் அவர்களின் நூல்களைப் படித்து ஆர்வமுற்ற ஆங்கில மக்கள் கூட்டங் கூட்டமாகக் கடற்கரைக்குச் சென்று பாறைக்குட்டைகளை வெறுமையாக்கினர். அவர் மகனார் எட்மண்டு காஸ் 1907-இல் வெளியிட்ட தம் வாழ்க்கை நூலில் அவ்வழிவை எண்ணி இரங்குகின்றார். கடலை நேசிக்கக் கற்பித்த தந்தையின் தொண்டே கடற்கரையை வறுமையாக்கிற்று! இவ்வரலாறு எமக்குப் பெரும் எச்சரிக்கை. எனினும், காணாத பொருளின்மேல் அன்பு பிறப்பது அரிது என்பதும் உண்மை. 1909-இல் எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் சென்னைக் கடற்கரையில் மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டபோது மக்கள் ஆர்வத்தோடு சென்று கண்டனர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. காவிரி கொண்டுசெல்லும் சாயமும் குப்பையும் ஈற்றிற் சேருமிடம் கடல். எம் தெருச் சிறார் தொட்டியருகே வந்து, இம்மீன் இருக்கும் இடத்திற்கா நம் ஆற்றுநீர் போகின்றது என்று வினவுகின்றனர். அவ்வினாவை எழுப்புதற்கு ஒரு தொட்டி தகும். பத்து வீட்டிற் பத்துத் தொட்டி தகுமா என்பதே ஐயம்.

ஆதலின் எம் வேண்டுகோள் இது. தனித்தனியே குறைபொருளோடு தொடங்குதலை விடுத்து, நால்வர் ஐவர் கூடி ஒரு தொட்டி வைப்பாராக. உப்பளவுக் கருவி ஒன்று ஐவர்க்கும் போதும். சோதனை மருந்து காலங் கடந்து வீணாகாது. விடுமுறையில் ஒருவர் ஊர் சென்றால் மற்றொருவர் நீர் வார்ப்பார். ஆனா தைன் வீட்டிற் பணிப்பெண் ஒருத்தியின் தோளில் ஏறிய சுமை இங்கே பலர் தோளிற் பகிரப்படும். கூடுவார் இல்லாதவனும், ஆண்டுக்குப் பத்துக் கிலோகிராம் உப்புக்கு வழியில்லாதவனும் நன்னீர் மீனோடு நிற்பதில் இழிவு யாதுமில்லை. நம் கல்லூரியிலும் விலங்கியல் மாணவரும், வேதியியல் மாணவரும், எம்போன்ற தமிழ் மாணவரும் ஒருங்கு கூடிப் பொதுத்தொட்டி ஒன்று அமைத்தல் இயலாத செயலன்று. நீரின் இயல்பை ஒருவர் அளக்க, உயிரின் இயல்பை ஒருவர் குறிக்க, மூன்றாமவர் அவற்றைச் சிறார்க்கு விளங்கும் நல்ல தமிழில் எழுதித் தொட்டியருகே தூக்கலாம். ஆசிரியப் பெருமக்களும் பழைய மாணவரும் இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பார்களாக.

வறுமை குற்றமன்று. தன் வறுமையைப் பேசவியலாத ஓருயிரின்மேற் சுமத்துதலே குற்றம். இவ்வொன்றை உணர்ந்தவன் எவனோ, அவன் வீட்டுத் திண்ணையில், காவிரிக்கரை ஆயினும் ஆகுக, ஒரு சிறு கடல் நிலைபெறும்.